கடைசிக் கட்டிலிலிருந்து தொடங்குங்கள்

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கமும் மயிலாப்பூர் பக்கமும் பிரியும் தெருக்களில், லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடி அடுக்ககங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. நாற்பது வயதில் அங்கே வீடு வாங்கியவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். பிள்ளைகள் பெங்களூரில், சிங்கப்பூரில், டொரண்டோவில். கணவனும் மனைவியுமாக இருக்கும்வரை ஒருவரையொருவர் தாங்கிக் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஒருவர் காலமாகிவிட்டாலோ, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டாலோ, குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது: அம்மாவை எந்த ஹோமில் சேர்ப்பது?

முதியோர் மருத்துவம் பார்க்கும் என்னிடமும் அந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் சில விவரங்களை ஏற்கெனவே சேகரித்திருப்பார்கள். ஏசி உண்டா, சாப்பாடு சைவமா, டெபாசிட் எவ்வளவு, மாதம் எவ்வளவு, டாக்டர் வாரம் எத்தனை முறை வருகிறார், தோட்டம் இருக்கிறதா. இவையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால், இவற்றை மட்டும் வைத்து ஓர் இல்லத்தின் தரத்தை எடைபோட முடியாது. அந்த இல்லத்தில் பிறரை மிக அதிகமாகச் சார்ந்து வாழும் மனிதர் யாரோ, அவர் எப்படிப் பார்த்துக்கொள்ளப்படுகிறார் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. வரவேற்பறையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், நாம் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். கடைசி அறையின் கடைசிக் கட்டில் வரை போக வேண்டும். இன்று நடமாடிக்கொண்டிருக்கும் நம் அம்மா, சில ஆண்டுகளில் அந்தக் கட்டிலுக்குத்தான் வரப்போகிறார்.

முதுமைக்கு முன்னோடி நகரம்

இந்திய மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-இல் 10.1% என்பது மத்திய அரசின் கணிப்பு. தமிழ்நாட்டில் அது 13.6%. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-இல் இது 18.2% ஆகும் என்கிறது அதே கணிப்பு. அதாவது, ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் மூத்த குடிமகனாக இருப்பார்.

முதியோரைக் காப்பதில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான், பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்ததற்கு வித்து. ஆதரவற்ற முதியோருக்கும் அது இடம் கொடுத்தது. சாவித்திரி வைத்தியின் முயற்சியால் 1978-இல் தொடங்கப்பட்ட ‘விச்ராந்தி’, கைவிடப்பட்ட முதியோருக்குப் புகலிடமானது. அதே 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பை நாட்டில் முதலில் கொடுத்ததும் சென்னை மருத்துவக் கல்லூரிதான். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவத்தில் இவ்வளவு முன்னால் போன நகரத்தில், முதியோர் குடியிருப்புகளை மதிப்பிட மட்டும் ஒரு பொது அளவுகோல் நடைமுறையில் இல்லை. அந்தக் குறை இப்போது பெரிதாகத் தெரிகிறது. காரணம், வசதியுள்ள நடுத்தரக் குடும்பங்களைக் குறிவைத்து கோவையிலும் சென்னையின் புறநகர்களிலும் ‘சீனியர் லிவிங்’ குடியிருப்புகள் பெருகிவிட்டன. பணம் கொடுத்துச் சேர்கிறோம். எனவே தரம் தானாக வந்துவிடும் என்று குடும்பங்கள் நம்புகின்றன.

வாங்குவது எழுபதில், தேவைப்படுவது எண்பத்தைந்தில்

முதியோர் குடியிருப்பு என்ற ஒரே பெயரில் மூன்று விதமான இடங்கள் நடக்கின்றன. முதலாவது, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கான வீடுகள். சமையலும் துப்புரவும் நிர்வாகத்தின் பொறுப்பு. மற்றபடி அது சாதாரண அடுக்ககம்தான். இரண்டாவது, குளிக்கவும் உடுத்தவும் மாத்திரை எடுத்துக்கொள்ளவும் கைத்துணை தரும் இல்லம். மூன்றாவது, படுத்த படுக்கையானவர்களையும் மறதி நோய் முற்றியவர்களையும் இரவு பகலாகச் செவிலியர் பார்த்துக்கொள்ளும் இடம்.

முதல் வகையை விற்கும்போது மற்ற இரண்டும் அங்கேயே கிடைத்துவிடும் என்ற எண்ணம் வாங்குபவர் மனத்தில் எப்படியோ உண்டாகிவிடுகிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, "இனி உங்கள் அப்பாவை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்று நிர்வாகம் சொல்லும்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கிறார்கள்.

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-இல் வகுத்த ஓர் எளிய அளவுகோலை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே சாப்பிடுவது ஆகிய ஆறு செயல்கள். முதுமையில் பொதுவாக முதலில் கைவிட்டுப் போவது குளியல். கடைசிவரை நிற்பது சாப்பிடுவது. சேர்ப்பதற்கு முன்பு நிர்வாகத்திடம் இந்த ஆறையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள்: "இது முடியாமல் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூடுதலாக எவ்வளவு வாங்குவீர்கள்? எந்த நிலையில் வெளியேறச் சொல்வீர்கள்?" பதில் வாய்வார்த்தையாக இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தரும் காலக்கெடுவும், குடியிருப்பை நடத்தும் நிறுவனம் மாறினால் சமையலும் மருத்துவமும் யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

உடம்பு பொய் சொல்லாது

கடைசிக் கட்டிலில் என்ன பார்ப்பது? முதலில் கட்டிலுக்குப் பக்கத்து மேசை. தண்ணீர் டம்ளர் படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா? பல இடங்களில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருக்கும். மூன்றடி தள்ளி இருக்கும். காலையில் வைத்த தண்ணீர் மாலையில் அப்படியே இருப்பதைப் பார்த்து, "பாட்டி தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாங்க" என்பார்கள். உடலில் நீர் வற்றினால் முதியவருக்கு முதலில் குழப்பம் வரும், பிறகு சிறுநீர்த் தொற்று, பிறகு மருத்துவமனை. இத்தனைக்கும் தொடக்கம் அந்த மூன்றடி. அழைப்பு மணியின் சுவிட்சையும் அப்படியே பாருங்கள். எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நீங்களே ஒருமுறை அழுத்துங்கள். யாராவது வர எத்தனை நிமிடம் ஆகிறது?

அடுத்து, குதிகால். போர்வையை விலக்கிக் காட்டச் சொல்ல உறவினருக்கு உரிமை உண்டு. அது சிவந்தோ கறுத்தோ இருந்தால், அதே நிலை வால் எலும்புப் பகுதியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். படுக்கைப் புண் வயதானால் வருவதில்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், ஈரத்தை உடனே மாற்றுவதும், புரதம் உள்ள உணவும் இருந்தால் பெரும்பாலான புண்களைத் தடுத்துவிடலாம்.

மூன்றாவது, எடை. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கிறார்களா? ஒரே மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது எச்சரிக்கை. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைவது சின்ன விஷயம் இல்லை. சாப்பாட்டுப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஊட்டிவிட ஆள் இருக்கிறதா, பல் இல்லாதவருக்கு மசித்துத் தருகிறார்களா, மாலை ஐந்தரைக்கே இரவுச் சாப்பாட்டை முடித்து மறுநாள் காலை வரை பட்டினி போடுகிறார்களா என்பவைதான் எடையைத் தீர்மானிக்கின்றன.

நான்காவது, மாத்திரையும் கட்டும். மறதி நோயாளி இரவில் எழுந்து நடக்கிறார் என்பதற்காகக் கையைக் கட்டிலோடு கட்டுவதும், தூக்க மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவதும் பராமரிப்பு ஆகாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். எந்த இல்லமாவது "எங்களிடம் அப்படி யாரும் இல்லை" என்று சொன்னால், கண்டுபிடிக்கவில்லை என்றே பொருள்.

இரவுக் கணக்கு

பகலில் எல்லா இல்லங்களும் நன்றாகவே இருக்கும். கேட்க வேண்டியது இரவு பத்து மணிக்குப் பிறகு எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதை. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். படுத்த படுக்கையானவரைப் புரட்டி, டயப்பர் மாற்றி, துடைத்து, மறுபடி படுக்க வைக்க இரண்டு பேருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். அப்படி 12 பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 120 நிமிடம். அதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். இரவில் இரண்டே அட்டெண்டர்கள் என்றால் இந்த வேலையைத் தவிர அவர்களால் வேறு எதுவும் செய்ய முடியாது. மற்றவர்கள் பாத்ரூம் போகக் கூப்பிட்டால் யார் வருவது? வராதபோது அவர்கள் தாங்களாகவே எழுந்து போகிறார்கள், விழுகிறார்கள். ஆள் பற்றாக்குறையை அட்டெண்டரின் பொறுமையால் ஈடுகட்ட முடியாது.

அந்த அட்டெண்டர் யார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வந்த பெண். 12 மணி நேர ஷிஃப்ட். முறையான பயிற்சி அரிது. சிலருக்குத் தமிழ் தெரியாது; மறதி நோயால் ஆங்கிலத்தையும் இந்தியையும் இழந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சியிருக்கும் பாட்டியிடம் அவர் எதைப் புரிந்துகொள்வார்? ஊழியர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்கு மேல் அங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு வார விடுமுறையும் சம்பளமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், உங்கள் அம்மாவுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்காது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

பராமரிப்பு ஒன்று, வாழ்க்கை இன்னொன்று

புண் இல்லை, விழவில்லை, எடை குறையவில்லை. பராமரிப்பு நன்றாக இருக்கிறது. அது மட்டும் வாழ்க்கை ஆகிவிடுமா?

சாந்தோமில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்குத் தேவாலயத்தின் காலைத் திருப்பலி உண்டு. இன்னொருவருக்குக் கபாலீசுவரர் கோயில் பிரதோஷம். லூப் ரோட்டில் நின்று மீன்காரம்மாவிடம் விலை பேசுவது உண்டு. கச்சேரி ரோட்டு மருந்துக்கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உண்டு. இத்தனையையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பசும்புல் தரை போட்ட வளாகத்தில் கொண்டுபோய் வைத்தால், அவர் பத்திரமாக இருப்பார்; அவருடைய நாள் வெறுமையாக இருக்கும்.

வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1990-களில் ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கியபோது, அந்த ஆய்வு நடந்த உலக நகரங்களில் சென்னையும் ஒன்று. பின்னர் முதியோருக்கெனத் தனித் தொகுப்பு வந்தது. அதில் கேட்கப்படுபவை: கண்ணும் காதும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன, தன் விஷயத்தில் முடிவெடுக்க முடிகிறதா, கடந்த காலத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் நிறைவு உண்டா, மனிதர்களோடு கலந்து பழக முடிகிறதா, மரணத்தைப் பற்றிய அச்சம் எப்படி, அன்பும் நெருக்கமும் கிடைக்கிறதா. ஏசியும் தோட்டமும் இந்தப் பட்டியலில் இல்லை.

முடிவெடுக்கும் உரிமை எவ்வளவு பெரியது என்பதை எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1976-இல் அமெரிக்காவின் கனெடிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் காட்டினார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவும் கொடுத்தார்கள். மற்றொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றுவதை ஊழியர்கள் பார்த்துக்கொண்டார்கள். சில வாரங்களிலேயே முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

நம் இல்லங்களில் இது அப்படியே பொருந்தும். காபி எத்தனை மணிக்கு, எப்போது குளிப்பது, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாமா, டிவியில் எந்த சேனல், போன் யார் கையில், வீட்டுக்கு ஒருநாள் போய்வர யாரிடம் அனுமதி? இவற்றில் எத்தனைக்கு முதியவரே பதில் சொல்கிறாரோ அந்த அளவுக்கு அது அவருடைய வீடு. பிள்ளைகளும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அம்மாவை அழைத்துப் போகாமலே இடத்தைப் பார்த்து, அம்மாவைக் கேட்காமலே பணம் கட்டிவிட்டு, "எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்வது அவருடைய முதல் உரிமையைப் பறிப்பது.

அலறல் கேட்டுத்தான் அரசு வர வேண்டுமா?

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு கருணை இல்லத்தின் வண்டியைக் கிராமத்தினர் வழிமறித்தார்கள். உள்ளே ஒரு சடலம், காய்கறி மூட்டைகள், அவற்றோடு உயிருள்ள ஒரு மூதாட்டி. அவருடைய கூச்சல் கேட்டுத்தான் ஊர் திரண்டது. பிறகே அதிகாரிகள் இல்லத்துக்குள் போனார்கள். உரிமம் புதுப்பிக்கப்படாமலே இல்லம் நடந்தது அப்போது வெளியே வந்தது; அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். குற்றச்சாட்டுகளை இல்லத்தார் மறுத்தார்கள். ஆனால், ஒரு விஷயத்தில் விவாதத்துக்கு இடமில்லை: அங்கே முதல் தணிக்கையைச் செய்தது அரசு அல்ல, வழியில் போனவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என 150 பேர் தங்கும் முதியோர் இல்லங்களை மாநிலங்கள் அமைக்கலாம் என்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தமிழக அரசு 2009-இல் விதிகளை வகுத்தது. 2016 நவம்பரில் ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கென நெறிமுறைகளை அரசாணையாக வெளியிட்டது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் மாதிரி வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. தனியார் இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிறைவேறாமலே காலாவதியானது.

விதிகள் பெரும்பாலும் கட்டடத்தையே அளக்கின்றன. சாய்தளம், கைப்பிடி, கதவின் அகலம், லிஃப்ட். இவை தேவை. கைப்பிடி இல்லாத கழிப்பறையில் விழுந்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால், கைப்பிடியை எண்ணும் அதிகாரி படுக்கைப் புண்ணையும் எண்ண வேண்டும். எண்ணியதை மக்களிடம் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகள் இதைச் செய்கின்றன. இங்கிலாந்தில் ஒவ்வொரு இல்லத்தையும் அரசு அமைப்பு ஆய்வு செய்து நான்கு நிலைகளில் ஒன்றைக் கொடுக்கிறது. 2015 முதல் அந்தத் தரச்சான்றை மக்கள் பார்வையில் வைத்தாக வேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் நட்சத்திர மதிப்பீடு உண்டு. இல்லங்கள் தாங்களே தரும் தகவல்களை நம்பியதால் அதில் ஓட்டைகள் விழுந்தன. அதிலிருந்து பாடம் கற்று, ஊழியர் எண்ணிக்கையைச் சம்பளப் பட்டியலிலிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். நாம் தொடங்கும்போதே இந்தப் பாடத்தோடு தொடங்கலாம். ஒரு சின்ன டிபன் கடைகூட உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைச் சுவரில் மாட்ட வேண்டியிருக்கிறது. நம் தாயையும் தந்தையையும் இரவும் பகலும் ஒப்படைக்கும் இடத்துக்கு அந்தக் கட்டாயமாவது வேண்டாமா?

தமிழக அரசு செய்யக்கூடியவை நான்கு. எல்லா இல்லங்களின், குடியிருப்புகளின் பதிவு விவரத்தையும் மாவட்ட வாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிடுவது. ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பில்லாமல், ஒருமுறை இரவிலும், முதியோர் மருத்துவம் தெரிந்தவரோடு ஆய்வு செய்வது. படுக்கைப் புண், விழுதல், எடைக் குறைவு, இரவு ஊழியர் எண்ணிக்கை ஆகிய நான்கு எண்களை ஒவ்வொரு இல்லத்தின் வாசலிலும் எழுதி வைக்கச் சொல்வது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலி நிவாரண, இயன்முறை சிகிச்சைக் குழுக்களை வீடுகளைப் போலவே இல்லங்களுக்கும் முறையாக அனுப்புவது. வெளியாள் வந்து போகும் இடத்தில் தவறு நெடுநாள் ஒளிந்திருக்காது.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்ப்பதற்கு முன்பு இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒருமுறை சொல்லாமல், மாலை ஏழு மணிக்கு மேல். பெற்றோரையும் அழைத்துப் போங்கள். சேர்த்த பிறகு போவதை நிறுத்தாதீர்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் முதியவரை எந்த இல்லமும் அலட்சியமாக நடத்தத் துணியாது. உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, பார்க்க யாரும் வராத பக்கத்துக் கட்டிலிலும் இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள். தண்ணீர் எட்டுகிறதா என்று பாருங்கள். தவறு கண்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட சமூக நல அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் பேசாவிட்டால், அந்தக் கட்டிலில் கிடப்பவருக்காகப் பேச வேறு யாரும் இல்லை.

— கட்டுரையாளர், முதியோர் நல மருத்துவர்